சிறு கண்ணாடிப் புட்டிகளின் மறுபயன்

ஊறுகாய், பழக்கூழ், காப்பித்தூள் முதலியன அடங்கி வரும் வாயகன்ற சிறு கண்ணாடிப் புட்டிகள், காலியான பின்னர் நம் இல்லங்களின் அடுக்களைப் பரணில் சேர்ந்துகொண்டே போகின்றன. அவற்றை எறிய மனம் வருவதில்லை. வைத்திருந்து என்ன செய்வது என்பதும் விளங்குவதில்லை. அவற்றின்மீது வண்ணம் தீட்டியும் நூல் சுற்றியும் அழகுப் பொருள்களாக ஆக்குவோர் உண்டு. அதில் குற்றமொன்றுமில்லை. ஆயினும், திருப்பதி மாவட்டத்துச் சத்தியவேடு வட்டாரத்தைப் போல, மாமரமும் நெல்வயலும் ஏரிமண்ணும் உள்ள ஊர்களில் ஒரு புட்டி இதனினும் மேலான பணிகளைச் செய்யக்கூடும். அதற்குக் கண்ணாடியின் இயல்பு, மூடியின் தன்மை, புட்டியின் உருவம் ஆகிய மூன்றையும் ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும்.

மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றை ஏறத்தாழ 1500 சென்டிகிரேடு பாகை உஷ்ணத்தில் உருக்கிச் சாதாரணப் புட்டிக் கண்ணாடி செய்யப்படுகிறது. அதில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் மணலின் சாரமாகிய சிலிக்காவே. உணவிலுள்ள புளிப்போ உப்போ எண்ணெயோ அதனைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை. காற்றும் நீராவியும் அதனூடே செல்வதுமில்லை. ஆகவே புட்டி பழையதாயினும் அதன் கண்ணாடி பழையதாவதில்லை. நன்கு கழுவினால் முன்பிருந்த பொருளின் வாசனைகூட அதில் தங்காது.

கண்ணாடியின் குறை வேறிடத்தில் உள்ளது. அது வெப்பத்தை மெல்லக் கடத்தும் பொருள். குளிர்ந்த புட்டியில் கொதிநீரை ஊற்றினால் உட்புறம் உடனே விரிவடைகிறது. வெளிப்புறமோ முன்னிருந்தபடியே இருக்கிறது. இவ்விழுபறியில் புட்டி பிளக்கிறது. சாதாரணப் புட்டி ஏறத்தாழ 40 பாகை அளவுள்ள திடீர் வேறுபாட்டைத் தாங்கும். அதற்கு மேல் நம்புவதற்கில்லை. புட்டியைக் கொதிக்கவைத்துத் தூய்மை செய்ய விரும்புவோர், பாத்திரத்தின் அடியில் துணியொன்றை மடித்திட்டு, குளிர்ந்த நீரிலேயே புட்டியை அமிழ்த்தி, நீருடன் சேர்த்து மெல்லச் சூடேற்றுக. பத்து நிமிஷம் கொதித்தபின் அந்நீரிலேயே ஆறவிடுக. ஈரத்துணியின்மீதோ கருங்கல் மேடையின்மீதோ சுடச்சுட எடுத்து வைத்தல் ஆகாது.

மூடியின் நிலை வேறு. தகர மூடியின் உள்விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் வளையம் ஒன்று உண்டு. தொழிற்சாலையில் முதன்முறை மூடும்போதே புட்டியின் வாய் அதில் அழுந்திப் பதிந்துவிடுகிறது. இரண்டாம் முறை அது அவ்வளவு இறுகப் பொருந்தாது. ஆகவே வீட்டில் பழப்பாகு காய்ச்சி, பழைய மூடியாலேயே காற்றுப் புகாமல் அடைத்து மாதக்கணக்கில் வைக்கலாம் என்று எண்ணுவது தவறு. புளிப்புக் குறைந்த காய்கறிகளை இவ்வாறு அடைத்து வைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். காற்றில்லாத இடத்தில் வளரும் ஒருவகை நுண்ணுயிர் அங்கே கொடிய நஞ்சை உண்டாக்கக்கூடும். உலர்ந்த பொருள்களுக்கு அந்த மூடியே போதுமானது. உட்பூச்சு கீறிய மூடியை மட்டும் உப்பும் புளிப்பும் உள்ள ஊறுகாய்க்குப் பயன்படுத்தலாகாது. சில வாரங்களில் துரு ஏறிவிடும்.

இனி உருவத்தைப் பார்ப்போம். புட்டியின் உருவத்தைக் கூர்ந்து நோக்கிய ஒருவரால் பல உயிர்கள் காக்கப்பட்ட வரலாறு நம் அண்டை நாடாகிய இலங்கையில் உண்டு. அங்கே மின்சாரம் எட்டாத குடிசைகளில் மக்கள், வீசியெறியப்பட்ட மருந்துப் புட்டிகளிலும் மதுப் புட்டிகளிலும் மண்ணெண்ணெய் நிரப்பி, வாயில் திரியைச் செருகி விளக்காக்கிக்கொண்டனர். நம் நாட்டுச் சிற்றூர்களிலும் இவ்வழக்கம் இருந்ததே. உயர்ந்து மெலிந்த அப்புட்டிகள் எளிதில் சாய்ந்தன, சாய்ந்ததும் உருண்டன, திரியைத் தாங்கிய மூடி கழன்று எண்ணெய் கொட்டித் தீப்பற்றியது. பாய்விரித்துத் தரையில் உறங்குவோரும், விளக்கின் அருகே அமர்ந்து படிக்கும் சிறுவரும், சமைக்கும் பெண்டிரும் பெரிதும் இதற்கு இரையாயினர்.

இவ்வாறு தீப்புண்பட்டு வந்தோருக்குச் சிகிச்சை செய்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, புண்ணை ஆற்றுவதோடு நில்லாமல் விளக்கையே மாற்ற முற்பட்டார். அவருக்கு வழிகாட்டியது மார்மைட் என்னும் ஈஸ்ட் சாறு விற்கப்படும் சிறு புட்டியாகும். அது குட்டையானது, அடி கனத்தது, கண்ணாடி தடித்தது. ஆகவே எளிதில் சாயாது, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. இக்குணங்களுடன் வேறிரண்டைச் சேர்த்து 1992-ஆம் ஆண்டில் அவர் ஒரு விளக்கை உருவாக்கினார். புட்டியின் இரு பக்கங்கள் தட்டையாக்கப்பட்டன. சாய்ந்தாலும் உருளாமைக்கு இது. திருகி இறுக்கும் உலோக மூடி அமைக்கப்பட்டது. சாய்ந்தபோது எண்ணெய் கொட்டாமைக்கு இது. பழைய கண்ணாடியை உருக்கியே இவ்விளக்குகள் மலிவாகச் செய்யப்பட்டன. பல இலட்சம் விளக்குகள் மக்களிடம் சென்றன. 1998-ஆம் ஆண்டில் இப்பணிக்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது வழங்கப்பட்டது. புதிய பொறி எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. எந்தப் புட்டி விழும், எது விழாது என்பதையே அவர் பார்த்தார்.

இதைப் படித்துவிட்டு எவரும் வீட்டிலுள்ள புட்டியில் துளையிட்டு மண்ணெண்ணெய் விளக்குச் செய்ய முற்பட வேண்டா. மேற்சொன்ன குணங்கள் யாவும் ஒருங்கே அமைந்த புட்டி நம் பரணில் கிடைப்பது அரிது. புயற்காலத்தில் மின்சாரம் நின்றுபோனால், அகன்ற புட்டியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, அதில் குட்டையான மெழுகுவர்த்தியை நடுவே நட்டுக்கொள்ளலாம். மணல் புட்டிக்குக் கனத்தைத் தரும். சுடர் அடிக்கண்ணாடியைத் தொடாமலும் காக்கும்.

மண்ணெண்ணெய், பினாயில், பூச்சிமருந்து ஆகியவற்றை உணவுப் புட்டிகளில் ஊற்றி வைத்தல் ஒருபோதும் கூடாது. பழக்கூழ்ப் புட்டியைக் கண்ட குழந்தை அதனுள் இருப்பதும் உண்பதற்கே என்று கருதும். மண்ணெண்ணெயைக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். வாந்தியின்போது எண்ணெய் நுரையீரலுக்குள் செல்லக்கூடும். வயிற்றில் அது செய்யும் கேட்டைவிட நுரையீரலில் செய்யும் கேடே பெரிது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே தக்கது.

சத்தியவேடு வட்டாரத்திற்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலிலிருந்து வரும் மழையும் ஈரக்காற்றும் இங்கே வீட்டுப் பண்டம் அனைத்தையும் நமுக்க வைத்துவிடும். கத்தரி, மிளகாய், வெண்டை, அவரை விதைகளைத் துணி முடிச்சில் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தைவிட, சிறு புட்டியில் சேமிப்பது மிகவும் நன்று. ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. கண்ணாடி வெளி ஈரத்தை உள்ளே விடாதது போலவே, உள் ஈரத்தையும் வெளியே விடாது. அரைகுறையாக உலர்ந்த விதையைப் புட்டியிலிட்டு மூடினால், துணி முடிச்சில் இருப்பதைவிட விரைவில் அது கெடும். விதையின் ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கிறது என்பது விதை நூலார் கண்ட பொது விதி. ஆகவே நிழலிலும் இளவெயிலிலும் நன்கு உலர்த்தி, வறுத்து ஆறவைத்த அரிசியைச் சிறு துணிப்பையில் கட்டிப் புட்டியின் அடியில் இட்டு, அதன்மேல் விதையை வைத்து மூடுக. வறுத்த அரிசி எஞ்சிய ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். விதையின் பெயரையும் சேமித்த நாளையும் எழுதி ஒட்டுவதை மறவற்க. மூன்று புட்டிகளில் மூவகைக் கத்தரி விதை இருந்தால், ஆறு மாதத்திற்குப் பின் எது எதுவென்று எவராலும் கூறவியலாது.

விதைநெல் போதிய அளவு உலர்ந்ததா என்பதையும் புட்டியே காட்டும். உப்பைச் சட்டியில் வறுத்து ஈரம் போக்கி ஆறவிடுக. முற்றிலும் உலர்ந்த புட்டியில் பத்துப் பங்கு நெல்லும் ஒரு பங்கு உப்பும் இட்டு, மூடி, ஒரு நிமிஷம் நன்கு குலுக்கிப் பின் கால்மணி நேரம் அசையாமல் வைத்திருங்கள். உப்பு கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் நெல்லில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் ஈரம் இருக்கிறது. ஒட்டாவிடில் அதற்குக் குறைவு. இது துல்லியமான அளவன்று. விதைக்குப் பதினைந்தும் சற்று மிகையே. எனவே உப்பு ஒட்டாத நிலை வந்தபின் மேலும் ஓரிரு நாள் காயவைப்பது நலம்.

வயலுக்கு ஏரி வண்டலை அடிக்க விரும்புவோருக்கும் புட்டி உதவும். பக்கங்கள் நேராக உள்ள புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், ஒரு சிட்டிகை சலவைத்தூளும் இட்டு, கழுத்துவரை நீர் ஊற்றி ஐந்து நிமிஷம் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிஷத்திற்குள் மணல் அடியில் படியும். இரண்டு மணி நேரத்திற்குள் வண்டல் அதன்மேல் படியும். களி படிய ஓரிரு நாளாகும். மக்கிய பொருள்கள் மிதக்கும். ஒவ்வொரு படிவின் உயரத்தையும் அளவுகோலால் அளந்தால், மண்ணில் எது எவ்வளவு என்பது தெரியும். மணற்பாங்கான செம்மண்ணுக்குக் களி மிகுந்த ஏரிமண் நீர்ப்பிடிப்பைத் தரும். வண்டியில் ஏற்றுமுன் இரண்டு மூன்று இடத்து மண்ணை இவ்வாறு பார்த்துக்கொண்டால், வெறும் மணலுக்கு வாடகை கொடுக்க நேராது. பள்ளிச் சிறுவரும் இதை விருப்பத்துடன் செய்வர்.

கோடையில் பெரிய ஜாடியில் போடும் ஆவக்காய்க்கும் சிறு புட்டி துணைசெய்யும். ஜாடியை நாள்தோறும் திறந்தால் ஒவ்வொரு முறையும் ஈரமும் பூசண வித்துக்களும் உள்ளே நுழைகின்றன. பத்து நாளைக்கு வேண்டியதை மட்டும் உலர்ந்த புட்டியில் எடுத்துவைத்துக்கொண்டு ஜாடியை மூடிவிடலாம். துண்டுகளுக்கு மேல் எண்ணெய் நிற்க வேண்டும் என்ற பாட்டிமார் விதி புட்டிக்கும் உரியது.

விளிம்பு சிதைந்த புட்டியை உணவுக்கு வைத்துக்கொள்ளாமல், காகிதத்தில் சுற்றிப் பழைய கண்ணாடி வாங்குவோரிடம் தந்துவிடலாம். உடைந்த கண்ணாடி எத்தனை முறையும் உருகிப் புதிதாகும். கொல்லையில் மட்டும் எந்தப் புட்டியையும் வாய்திறந்து கிடக்க விடலாகாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, நன்னீர் தேங்கிய இத்தகைய சிறு கலங்களையே நாடி முட்டையிடும். ஏறத்தாழ பத்து நாளில் அதிலிருந்து கொசு பறந்துவிடும். செடி வளர்க்க நீருடன் வைத்த புட்டியையும் வாரந்தோறும் கவிழ்த்து, உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் நீங்கத் தேய்த்துக் கழுவிய பின்னரே மீண்டும் நீர் நிரப்புக.