சாமான் அறையில் பிறந்த சரித்திரம்!

அமெரிக்காவில் நியூயார்க் நகரம். அங்கே 92-வது தெருவில் ஓர் அடுக்குமாடி வீடு. அந்த வீட்டில் ஜோன் நெஸில் என்ற ஆசிரியை குடி இருந்தார்.

வீட்டின் உள்ளே மளிகைச் சாமான் வைக்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. மாவும் சர்க்கரையும் இருக்க வேண்டிய அந்த அறையில் காகிதங்கள் வந்து குவியத் தொடங்கின.

பழைய கடிதங்கள். நாட்குறிப்புகள். மங்கிப்போன போட்டோக்கள். கூட்ட நோட்டீசுகள். அட்டை கிழிந்த மலிவு விலை நாவல்கள்.

இவை எல்லாம் யாருடையவை? பெண்ணைக் காதலித்த பெண்களுடையவை!

இது நடந்தது 1974-ம் ஆண்டில்.

கொளுத்திய கடிதங்கள்

ஆண் ஆணை விரும்புவதும், பெண் பெண்ணை விரும்புவதும் புதிது அல்ல. எல்லா நாட்டிலும் உண்டு. எல்லாக் காலத்திலும் உண்டு. ஆனால் அவர்களுடைய கதை பள்ளிக்கூடப் புத்தகத்தில் வராது.

அமெரிக்காவில் அந்த நாளில் நிலைமை மிகவும் கடுமை. மனநோய் டாக்டர்களின் சங்கம் 1973 டிசம்பர் வரை இதை ஒரு நோய் என்றே பட்டியலில் வைத்து இருந்தது. பல மாநிலங்களில் இது சட்டப்படி குற்றம். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போகும். வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்வார். பெற்ற பிள்ளையையே தாயிடம் இருந்து பிரித்துவிடும்படி கோர்ட்டு உத்தரவு போட்டதும் உண்டு.

ஆகவே மறைத்து வாழ்ந்தார்கள். கடிதம் வந்தால் படித்துவிட்டுக் கொளுத்தினார்கள்.

கொளுத்த மனம் இல்லாமல் பெட்டியில் பூட்டி வைத்தவர்களும் உண்டு. அவர்கள் கண்ணை மூடியதும் உறவினர்கள் வருவார்கள். பெட்டியைத் திறப்பார்கள். "குடும்பத்துக்கு அவமானம்" என்று குப்பைத் தொட்டியில் கொட்டுவார்கள்.

முப்பது, நாற்பது வருடம் ஒரே வீட்டில் ஒன்றாக வாழ்ந்த இருவர் இருந்தார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட மிஞ்சாது.

அவனுடைய கதையா, அவளுடைய கதையா?

நெஸிலும் அவருடைய தோழி டெபரா எடலும் இன்னும் சில பெண்களும் கூடிப் பேசினார்கள். "நம் கதையை நாமே காப்பாற்றாவிட்டால் வேறு யார் காப்பாற்றுவார்கள்?" என்பதுதான் பேச்சு.

தங்கள் காப்பகத்துக்கு 'லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆர்க்கைவ்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். லெஸ்பியன் என்றால் பெண்ணை விரும்பும் பெண். ஹெர்ஸ்டரி என்பது வேடிக்கையான சொல். சரித்திரத்துக்கு இங்கிலீஷில் ஹிஸ்டரி என்று பெயர். 'ஹிஸ்' என்றால் அவனுடைய என்று பொருள். அதை எடுத்துவிட்டு, அவளுடைய என்று பொருள்படும் 'ஹெர்' என்ற சொல்லைப் போட்டுவிட்டார்கள்!

புத்தகம் அடுக்குவதிலும் ஒரு புதுமை. அமெரிக்க நூல் நிலையங்களில் எழுத்தாளரின் குடும்பப் பெயரை வைத்து அடுக்குவார்கள். குடும்பப் பெயர் தகப்பன் வழியாகவோ கணவன் வழியாகவோ வருவது. 'அது எதற்கு?' என்று கேட்டார்கள் இந்தப் பெண்கள். ஆட்ரி லார்ட் என்ற கவிஞரின் நூல் வேண்டும் என்றால் இங்கே ஆட்ரி என்றுதான் தேட வேண்டும். லார்ட் என்று தேடினால் கிடைக்காது. சொந்தப் பெயரைச் சொல்லியே ஆளைக் கூப்பிடும் தமிழ்நாட்டில் இதைப் பெரிய புரட்சி என்று யாரும் நினைக்கமாட்டார்கள். அங்கே அது புரட்சி!

சேகரிக்கவும் புது வழி கண்டார்கள். ஸ்லைடு படங்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். வீடுகளில் காட்டினார்கள். மதுக்கடைகளில் காட்டினார்கள். "உங்களிடம் இருப்பது எதுவானாலும் கொடுங்கள். நீங்கள் பிரபலமானவராக இருக்க வேண்டியது இல்லை" என்று கேட்டார்கள்.

வந்து சேர்ந்தது என்ன? வாசகம் அச்சடித்த பனியன்கள், சட்டையில் குத்தும் பேட்ஜுகள், தீப்பெட்டி அட்டைகள்! அவற்றையும் பத்திரப்படுத்தினார்கள்.

வீட்டு வேலை செய்த அம்மையார்

பொருள் கொடுத்தவர்களில் ஒருவர் மேபல் ஹாம்ப்டன் அம்மையார். கறுப்பு இனத்தைச் சேர்ந்தவர். நெஸில் சிறுமியாக இருந்த நாளில் அவருடைய தாயாரிடம் வீட்டு வேலை செய்தவர்.

மேபல் பிறந்தது 1902-ல். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். வாலிபத்தில் கோனி தீவில் நடனம் ஆடினார். 1924-ல் விபசாரம் செய்ததாகப் பொய்க் குற்றம் சாட்டி அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். விடுதலை ஆனபிறகு, ஊரார் வீட்டைப் பெருக்கித் துடைத்துப் பிழைத்தார்.

1932-ல் பஸ்சுக்குக் காத்து நின்றபோது லில்லியன் பாஸ்டர் என்ற பெண்ணைச் சந்தித்தார். அன்று தொடங்கிய உறவு 46 ஆண்டுகள் நீடித்தது. 1978-ல் லில்லியன் இறந்த பிறகே அது முடிந்தது.

பெண் காதல் பற்றிய நாவல்களை மேபல் வாங்கி வாங்கிச் சேர்த்து வைத்து இருந்தார். அவற்றைக் காப்பகத்துக்குக் கொடுத்தார். அத்துடன், தம் வாழ்க்கைக் கதையையும் சொன்னார். நெஸில் அதை டேப்பில் பதிவு செய்தார்.

ஒரு வேலைக்காரியின் கதையை அந்தக் காலத்தில் எந்தப் பல்கலைக்கழகம் உட்கார்ந்து பதிவு செய்யும்?

சம்பளம் இல்லை, தலைவர் இல்லை

இந்தக் காப்பகத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லோரும் தொண்டர்கள். அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் தங்கள் வேலை முடிந்த பிறகு வருவார்கள். தபால்களைப் பிரிப்பார்கள். காகிதங்களைத் தரம் பிரித்து உறையில் போடுவார்கள். உறை மேல் பெயர் எழுதுவார்கள். வேலை தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள்.

தலைவர் என்று ஒருவர் இல்லை. ஓட்டு எடுப்பும் கிடையாது. எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசித் தீர்ப்பார்கள். அலுப்பான முறைதான்! எத்தனையோ சங்கங்கள் இந்த இடத்தில்தான் உடைகின்றன. இது 50 ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

சர்க்காரிடம் கை ஏந்துவது இல்லை என்பது ஒரு விதி. பல்கலைக்கழகத்திடம் ஒப்படைப்பது இல்லை என்பது இன்னொரு விதி. சேர்த்த பொருளை என்றைக்கும் விற்கக் கூடாது. பார்க்க வருகிறவரிடம் பட்டம் உண்டா, சிபாரிசுக் கடிதம் உண்டா என்று கேட்கக் கூடாது.

கிட்டத்தட்ட 20 வருடம், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் நெஸிலின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சாமான் அறை நிரம்பியது. பிறகு மற்ற அறைகளும் நிரம்பின. குடி இருக்கிறவருக்கு நடக்க இடம் இல்லை!

சொந்தக் கட்டடம் வாங்கத் தீர்மானித்தார்கள். ஆயிரக்கணக்கான பேர் ஐந்தும் பத்துமாக டாலர் அனுப்பினார்கள். புரூக்ளின் பகுதியில் மூன்று மாடி வீடு ஒன்று கிடைத்தது. 1993 ஜூன் மாதம் திறப்பு விழா நடந்தது. 1996-ல் வீட்டுக் கடன் முழுவதும் அடைந்தது. 2022 நவம்பரில் நியூயார்க் நகரம் அந்த வீட்டைப் பாதுகாக்க வேண்டிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

இணையத்தில் போடலாமா?

டேப் என்பது சாகாவரம் பெற்றது அல்ல. அதன் மேல் உள்ள காந்தப் பூச்சு நாளடைவில் உதிர்ந்துபோகும். குரலும் அதோடு போய்விடும்.

புரூக்ளினில் உள்ள பிராட் கல்லூரியில் நூலகப் படிப்பு படிக்கும் மாணவர்கள் உதவிக்கு வந்தார்கள். பழைய டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அவற்றை இணையத்தில் வைத்தார்கள். அட்டவணையும் விளக்கமும் எழுதினார்கள்.

இங்கேதான் சிக்கல். இந்த வேலையில் இறங்குகிற எந்தத் தொண்டர் குழுவும் இதில் இருந்து தப்ப முடியாது.

ஒரு பெண் தோழியை நம்பி டேப்பில் பேசி இருப்பாள். பேச்சோடு பேச்சாக மூன்றாவது பெண் ஒருத்தியின் பெயரைச் சொல்லி இருப்பாள். அந்த மூன்றாவது பெண் இன்று எங்கோ ஒரு சிற்றூரில் பாட்டியாக இருக்கலாம். வீட்டு அலமாரியில் டேப் இருந்தவரை, படி ஏறி வந்தவர் மட்டுமே கேட்டார். இணையத்திலோ, அவளுடைய பேரனே கேட்டுவிடலாம்!

பேசியவரிடம் அனுமதி வாங்கலாம். அவர் இறந்து இருந்தால்? பெட்டியைக் குப்பையில் கொட்ட நினைத்த அதே உறவினரிடம் போய்க் கேட்பதா? பெயர் மட்டும் அடிபட்ட பெண்ணுக்காக யார் பேசுவது?

போட்டோவிலும் இதே தொல்லை. இரண்டு பெண்கள் தோளில் கை போட்டு நிற்கிறார்கள். கீழே 'காதலர்கள்' என்று எழுதலாமா? சகோதரிகளாக இருந்தால்? வெறும் 'தோழிகள்' என்று எழுதினால், அவர்கள் காதலர்களாக இருந்து, பழைய பொய்யையே திரும்ப எழுதியது ஆகாதா?

இணையக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியாவிலும் தொண்டர்களே எழுதுகிறார்கள். உயிரோடு இருப்பவரைத் தன்பால் விரும்பி என்ற வகையில் சேர்க்க வேண்டும் என்றால், அவரே அதை வெளிப்படையாகச் சொல்லி இருக்க வேண்டும். அவருடைய பொது வாழ்க்கையோடு அதற்குச் சம்பந்தமும் இருக்க வேண்டும். ஊர் வம்பு செல்லாது. அதன் இங்கிலீஷ் பதிப்பில் உள்ள விதி இது. நல்ல விதி. ஆனால் வாய் திறக்க முடியாமலே செத்துப்போனவர்களுக்கு அது பதில் சொல்லாது. அங்கே ஒவ்வொரு டேப்பையும், ஒவ்வொரு போட்டோவையும் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டியதுதான்.

மேபல் அம்மையார் விஷயத்தில் மட்டும் இந்தத் தொல்லை இல்லை. 1984-ல் நியூயார்க் ஊர்வலக் கூட்டத்தில், 82 வயதில், அவரே மேடை ஏறினார். தம்முடைய கறுப்பின மக்களும், தன்பால் விரும்பும் மக்களும் உலகம் எங்கும் விடுதலை பெற வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் பேசினார்.

அவர் 1989-ல் காலமானார். டேப்பில் பதிவான அவருடைய குரலை இன்று இணையத்தில் யாரும் கேட்கலாம். காசு கிடையாது.