அறிக்கையின் கீழ்வரியில் ஒரு நற்செய்தி

இரத்தசோகைக்காக இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிய பத்தாம் நாள், பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, “ஹீமோகுளோபின் ஏறவே இல்லையே, மாத்திரையை நிறுத்திவிடலாமா?” என்று கேட்கும் குடும்பத்தினரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அப்போது ‘ரெட்டிகுலோசைட்’ என்ற வரியைச் சுட்டிக்காட்டுவது எங்கள் வழக்கம்.

எலும்பு மஜ்ஜையில் நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் உருவாகின்றன. பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு இறுதிவரை இருக்கும். மனிதர் உள்ளிட்ட பாலூட்டிகளிலோ, முதிரும் தறுவாயில் அணு தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. மரபணுக்களும் உடன் போய்விடுவதால், புதிய கட்டளை பிறக்க வழியில்லை. எனினும் முன்னரே எழுதி வைக்கப்பட்ட ஆர்.என்.ஏ. இழைகள் உள்ளே எஞ்சுகின்றன. அவற்றைப் படித்தே இளம் அணு மேலும் சில நாள் ஹீமோகுளோபினைத் தயாரிக்கிறது. ஆய்வகத்தில் நீலச் சாயம் ஏற்றினால் இந்த எச்சம் வலைபோலத் தெரியும். அத்தகைய இளம் அணுவே ரெட்டிகுலோசைட்; பெரியவர்களிடம் சிவப்பணுக்களில் ஏறத்தாழ 0.5 முதல் 2.5 விழுக்காடு வரை இருக்கும்.

இழைகள் இருந்தால் மட்டும் போதாது. அவை படிக்கப்படவும் வேண்டும். இரும்பு குறையும்போது, ‘ஹீம்’ தயாரிக்கும் முதல் நொதிக்குரிய ஆர்.என்.ஏ. இழையின் முகப்பில் ஒரு புரதம் அமர்ந்து, அதைப் படிக்கவிடாமல் தடுக்கிறது. ஹீம் குறைந்தால், குளோபின் புரதத்தின் தயாரிப்பையும் வேறொரு புரதம் மட்டுப்படுத்துகிறது. இதனை உடலின் கோளாறு என்று எண்ண வேண்டாம். ஹீம் இல்லாமல் குளோபின் மட்டும் குவிந்தால் அணுவுக்கே கேடு, இது தற்காப்பு. இரும்புக் குறைவில் அணுக்கள் சிறுத்து வெளிறுவதும் இதனால்தான்.

இரும்பு வந்து சேர்ந்ததும் தடை விலகுகிறது. ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை உயர்கிறது. இரத்தசோகை கடுமையாக இருந்தவர்களிடம் இவ்வுயர்வு தெளிவாகத் தெரியும். ஹீமோகுளோபின் ஏறுவதற்கோ வாரங்கள் ஆகும்.

கீழ்வரியும் அசையவில்லை எனில், மாத்திரை உடலில் சேர்கிறதா, தேநீருடன் விழுங்கப்படுகிறதா, இரத்தசோகைக்குக் காரணம் இரும்புக் குறைவுதானா என்று மருத்துவர் ஆராய்வார். தலசீமியா இருப்பின் இரும்பு பயன்தராமல் போகலாம். ஆகவே பரிசோதனையின்றி மாத்திரையைத் தாமாகத் தொடங்குவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை.

ஹீமோகுளோபின் சீரான பிறகும், உடலின் இரும்பு இருப்பு நிரம்புவதற்காக ஏறத்தாழ 3 மாதம் மாத்திரையைத் தொடருமாறு மருத்துவர் கூறுவது வழக்கம். அடுத்த முறை வரும்போது பழைய அறிக்கையையும் தவறாமல் கொண்டு வாருங்கள்.