பதினான்கு வயதோடு முடிந்துவிடும் கார்ட்டூன்

கூடத்துத் திரை – 9

சென்ற வாரம் மழலைகளுக்கான கார்ட்டூன்களைப் பார்த்தோம். இந்த வாரம் அதே வீட்டு அண்ணன்களையும் அக்காக்களையும் பற்றிப் பேசவேண்டும். பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகள் இவர்கள். கார்ட்டூன் முன்னால் உட்கார்ந்தால், "இன்னும் சின்னப் புள்ளையா நீ?" என்று வீட்டில் கேட்டுவிடுவார்கள். இவர்களுக்கென்று நம் தொலைக்காட்சி செய்துவைத்திருப்பது மிகக் குறைவு. இந்தக் குறைக்கு ஒரு வரலாறு உண்டு, காரணங்களும் உண்டு. அந்த வரலாற்றை ஒரு சிற்றூரிலிருந்து தொடங்கலாம்.

எல்லைப்புறத்து ஊர்

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது ஆர்.கே.பேட்டை. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி வட்டாரம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அன்றுதான் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசி வளரும் பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் ஏராளம். விசைத்தறிதான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. தறி ஓடும் வீட்டில் தொலைக்காட்சியின் வசனம் பாதிதான் காதில் விழும். படத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் இங்கே வளரும் பிள்ளைகளுக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறது.

2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பெட்டிகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. 2007 ஏப்ரலில் சன் குழுமம் சுட்டி டிவியைத் தொடங்கியது. 2009-ல் அதே குழுமம் தெலுங்கில் குஷி டிவியைக் கொண்டுவந்தது. இரு மொழியும் புரிகிற எல்லைப்புறத்துப் பிள்ளைக்கு இரண்டுமே சொந்தச் சேனல்தான். பெட்டியும் கார்ட்டூனும் சிற்றூருக்கு ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன. தமிழில் பேசும் டோராவையும் ஜாக்கி சானையும் பார்த்து ஒரு தலைமுறை வளர்ந்தது.

சுட்டி டிவி தொடங்கிய ஆண்டில் ஐந்து வயதாக இருந்த பிள்ளைக்கு 2016-ல் பதினான்கு வயது. பிள்ளை வளர்ந்ததுபோலச் சேனல் வளரவில்லை. அடுத்த ஐந்து வயதுப் பிள்ளைக்காக அது அங்கேயே நின்றுவிட்டது.

வயது எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒரு கார்ட்டூன் எந்த வயதுக்கானது என்பது அதன் கட்டுமானத்திலேயே தெரிந்துவிடும். 2000-ல் அமெரிக்காவில் தொடங்கிய டோரா, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பாள். பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளை வாய் திறந்து பதில் சொல்ல விட்ட இடைவெளி அது. அதற்கு முன்பே, 1996-ல் வந்த ப்ளூஸ் க்ளூஸ் நிகழ்ச்சியில் ஒரே பகுதியை வாரத்தில் ஐந்து நாளும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அந்த வயதில் குழந்தை மறுபடி மறுபடி பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆறு வயதுக்கு மேல் கதை வேறு விதமாக நடக்கிறது. ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் செய்து, 2008-ல் போகோ சேனலில் தொடங்கிய சோட்டா பீம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பகுதிக்கு ஒரு சிக்கல். கெட்டவன் யார் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பீம் லட்டு தின்பான், சண்டை முடியும், ஊர் பழையபடி ஆகிவிடும். நேற்றைய கதையைப் பார்க்காத பிள்ளைக்கும் இன்றைய கதை புரியும். இதே நிறுவனம் 2019-ல் நெட்ஃபிளிக்ஸுக்காக மைட்டி லிட்டில் பீம் தொடரைச் செய்தது. அதில் பீம் தவழும் குழந்தை. வசனம் என்று ஏறக்குறைய எதுவுமே கிடையாது. ஒரே பாத்திரத்தை இன்னும் இளைய வயதுக்கு எப்படி இறக்குவது என்று நம் நாட்டுக் கலைஞர்கள் செய்தே காட்டினார்கள். அந்தப் பாத்திரத்தைப் பதினைந்து வயதுக்கு ஏற்றும் முயற்சிதான் அதே வீச்சில் நடக்கவில்லை.

அப்படி ஏற்ற முடியும் என்பதற்குப் பென் 10 சான்று. 2005-ன் கடைசியில் அமெரிக்காவில் தொடங்கியபோது பென்னுக்குப் பத்து வயது. 2008-ல் வந்த ஏலியன் ஃபோர்ஸ் தொடரில் அவனுக்குப் பதினைந்து. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளோடு நாயகனும் வளர்ந்தான், கதையின் தொனியும் மாறியது. பதின்பருவத்துக்கான கதை வாரக்கணக்கில் தொடரும். நண்பன் துரோகம் செய்வான். எதிரியின் பக்கத்திலும் நியாயம் இருக்கும். ஒருவர் இறந்தால் இறந்ததுதான். அடுத்த வாரம் எழுந்துவர மாட்டார். நான் யார், என் கூட்டம் எது, நான் செய்ததற்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளை வில்லன்களோடும் அசுரர்களோடும் சேர்த்துத் திரையில் வைக்க அனிமேஷனால் முடியும்.

ஒரே கூடையில் எல்லோரும்

இவ்வளவு தெரிந்திருந்தும் சேனல்கள் ஏன் செய்வதில்லை? பதில் விளம்பரக் கணக்கில் இருக்கிறது. நம் நாட்டில் தொலைக்காட்சிப் பார்வையாளர்களை முன்பு டேம் நிறுவனம் அளந்தது. குழந்தைகள் சேனல்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட அளவுகோல் 4 முதல் 14 வயது வரை. பிறகு வந்த பார்க் அமைப்பின் அட்டவணையில் அது 2 முதல் 14 ஆனது. அடுத்த பிரிவு 15 முதல் 21.

இந்தக் கோடுகளை நிதானமாகப் பாருங்கள். பால் குடிக்கும் குழந்தையும் எட்டாம் வகுப்பு மாணவியும் ஒரே பிரிவில் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை கல்லூரி மாணவரோடும் வேலைக்குப் போகும் இளைஞரோடும் சேர்ந்துவிடுகிறது. பிஸ்கட், சத்துமாவு, நூடுல்ஸ் விற்கிறவருக்கு முதல் பிரிவு வேண்டும். செல்போனும் பைக்கும் விற்கிறவருக்கு இரண்டாவது. முதல் பிரிவு முழுவதையும் ஒரே நிகழ்ச்சியால் பிடிக்கவேண்டும் என்றால், அதில் மிக இளைய பிள்ளைக்கும் புரிகிற கதையைத்தான் சேனல் தேர்ந்தெடுக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தைத்த சீருடையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் மாட்டிவிடுவது போன்ற காரியம் இது. சேனலில் வேலை செய்கிறவர்களுக்கு ரசனை இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட அளவுகோல் அப்படி.

முயற்சிகள் நடக்காமலும் இல்லை. சோனியின் அனிமேக்ஸ் 2004-ல் இந்தியாவுக்கு வந்தது. பதின்பருவத்தினரையும் இளைஞர்களையும் நோக்கி ஜப்பானிய அனிமேக்களை ஒளிபரப்பியது. 2017-ல் அந்த இடத்தில் சோனி யாய் என்ற குழந்தைகள் சேனல் உட்கார்ந்தது. 2011-ன் கடைசியில் நிக்கலோடியன் குடும்பத்திலிருந்து வந்த சோனிக், வளர்ந்த பிள்ளைகளுக்கான சாகசச் சேனலாகத்தான் தொடங்கியது. சில ஆண்டுகளில் அதுவும் சிறுவர் நகைச்சுவைக்கு மாறியது. 2015-ல் தனிச் சேனலாக வந்த டூனாமி 2018-ல் மூடப்பட்டது. மூன்று பெரிய நிறுவனங்கள் இதே இடத்தில் கால் ஊன்றிப் பார்த்தன. மூன்றுமே ஒன்று இளைய வயதுக்கு இறங்கின, இல்லையென்றால் கடையைக் கட்டின.

படம் என்றால் பாப்பாவுக்கா?

இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பெரியவர்களுக்காக வரையப்பட்டதும் குழந்தைகள் நேரத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஷின்-சானை எடுத்துக்கொள்ளுங்கள். யோஷிட்டோ உசுய் அதை 1990-ல் ஜப்பானில் வரையத் தொடங்கியது பெரியவர்கள் வாங்கிப் படிக்கும் ஒரு வார இதழில். நாயகன் ஐந்து வயதுப் பையன் என்பதால் இங்கே அது சிறுவர் சேனலுக்கு வந்தது. பெற்றோர் எதிர்ப்பு எழுந்து, 2008-ல் மத்திய அரசு அதைத் தடை செய்தது. காட்சிகளை வெட்டிய பிறகு அது திரும்பி வந்தது. அமெரிக்காவில் 1960-ல் தொடங்கிய பிளின்ட்ஸ்டோன்ஸ் இரவு நேரத்தில் குடும்பத்துக்காக ஒளிபரப்பான தொடர். தொடக்கக் காலத்தில் அதற்கு விளம்பரம் கொடுத்தது சிகரெட் நிறுவனம். அதையே நம் தலைமுறை காலையில் பார்க்கும் குழந்தைப் படமாகத் தெரிந்துகொண்டது.

நம் சட்டங்களும் பதின்பருவத்தை விட்டுவிடுகின்றன. கேபிள் தொலைக்காட்சி விதிகள், குழந்தைகளுக்கான நிகழ்ச்சியில் கெட்ட வார்த்தையும் அப்பட்டமான வன்முறையும் கூடாது என்கின்றன. குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாததைக் காட்டக்கூடாது என்கின்றன. இரண்டும் நல்ல விதிகள். ஆனால் ஏழு வயதும் பதினாறு வயதும் அவற்றில் ஒன்றே. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1997 முதல் ஏழு வயதுக்கு மேல், பதினான்கு வயதுக்கு மேல் என்று திரையின் மூலையில் குறிகள் வருகின்றன. இங்கே ஓடிடிக்கு 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள்தான் முதன்முதலில் 7+, 13+, 16+ என்று பிரித்தன. 2023-ல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டத்திலும் அந்தப் பிரிவுகள் வந்துவிட்டன. தொலைக்காட்சிக்கு இன்னும் வரவில்லை.

பிள்ளைகள் காத்திருக்கவில்லை

சேனல்கள் கதவை மூடினாலும் பிள்ளைகள் தங்கள் வழியைத் தேடிக்கொண்டார்கள். ஜப்பானில் 2002-ல் தொலைக்காட்சிக்கு வந்த நருட்டோ, 2022-ல்தான் சோனி யாய் வழியாகத் தமிழ் பேசியது. இடையில் இருபது ஆண்டுகள்! அதற்குள் எத்தனையோ பிள்ளைகள் அதைச் செல்போனில், ஆங்கில எழுத்துகளைப் படித்துக்கொண்டே பார்த்து முடித்திருந்தார்கள். இப்போது கிரஞ்சிரோல் போன்ற தளங்கள் சோலோ லெவலிங் முதலிய தொடர்களைத் தமிழிலும் தெலுங்கிலும் தருகின்றன. 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் படம் தமிழிலும் திரையரங்குக்கு வந்தது. ஆள் இல்லை என்று சேனல்கள் கைவிட்ட அதே வயதுக்காரர்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார்கள்.

இதில் மகிழ்ச்சியும் உண்டு, கவலையும் உண்டு. கூடத்தில் பெட்டி இருந்தபோது அம்மாவோ பாட்டியோ போகிற போக்கில் ஒரு கண் பார்த்தார்கள். செல்போனில் அது இல்லை. "பொம்மைப் படம்தானே பார்க்கிறான்" என்று தறி வேலையில் மூழ்கியிருக்கும் அப்பா நினைக்கிறார். அந்தப் பொம்மைப் படம் 16+ ஆக இருக்கலாம். பிள்ளை பார்க்கக்கூடாததைப் பார்த்துவிடுமே என்பது என் முதல் கவலை அல்ல. பார்த்ததைப் பற்றிப் பேச வீட்டில் ஆள் இல்லையே என்பதுதான் என்னை உறுத்துகிறது. நாயகன் ஏன் அழுதான், அந்த நண்பன் செய்தது சரியா என்று பதினான்கு வயதில் ஒருவரிடம் கேட்டாகவேண்டும்.

ஆகவே மூன்று காரியங்கள் நடக்கவேண்டும். ஓடிடிக்கு இருக்கும் 7+, 13+, 16+ குறிகள் கார்ட்டூன் சேனல்களுக்கும் வரவேண்டும். பார்வையாளர் கணக்கில் 10 முதல் 17 வயது தனிப் பிரிவாக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனமே 10 முதல் 19 வரையிலான வயதைத் தனிப் பருவமாகக் கொள்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அந்த வயதினர் 25 கோடிக்கும் அதிகம். மூன்றாவது காரியம் நம் வீட்டில் நடக்கவேண்டும். ஓடிடி செயலியைத் திறந்து வயதுக் குறியைப் பாருங்கள். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டு வசதி வைத்திருக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சின்னப் பிள்ளைக்கு அதைப் போட்டுவையுங்கள். பெரிய பிள்ளையிடம், "எனக்கும் ஒரு எபிசோடு போட்டுக் காட்டுடா" என்று கேளுங்கள். கேலி செய்யாமல் கடைசி வரை பாருங்கள். பிள்ளை கேட்கிற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை; உட்கார்ந்து கேட்டாலே போதும்.

தமிழ்ப் பதின்பருவத்துக்கென்று தமிழிலேயே ஓர் அனிமேஷன் தொடர் வரையப்படவேண்டும் என்பது என் ஆசை. அதை வரையும் கைகள் சென்னையிலும் ஹைதராபாத்திலும் இருக்கின்றன. பெரும்பாலும் வெளிநாட்டுப் படங்களுக்காக உழைக்கும் அந்தக் கலைஞர்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)