கதவு திறந்தது, சாவி யாரிடம்?

1998 ஜனவரி 22. நெட்ஸ்கேப் தன் இன்டர்நெட் உலாவியின் மூல நிரலையே வெளியிடப் போவதாக அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் தன் உலாவியை இலவசமாகக் கொடுத்து வந்ததால் நெட்ஸ்கேப்பின் சந்தை கரைந்துகொண்டிருந்தது. உலகெங்குமுள்ள புரோகிராமர்களைத் துணைக்கு அழைப்பதென அது முடிவு செய்தது.

ஆனால் எந்த லைசென்ஸின் கீழ்? பிஎஸ்டி லைசென்ஸ் என்றால் போட்டியாளரும் நிரலை எடுத்து, மாற்றி, மூடிவைத்து விற்கலாம். ஜிபிஎல் என்றால் அதனோடு இணைத்து வெளியிடும் நிரல் முழுவதையும் திறந்தாக வேண்டும். பிற நிறுவனங்களின் நிரலைத் திறக்கும் உரிமை நெட்ஸ்கேப்புக்கு இல்லை.

எனவே புது லைசென்ஸ் எழுதப்பட்டது. மார்ச்சில் வரைவு வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. மற்றவர்கள் செய்யும் திருத்தங்களை நெட்ஸ்கேப் மட்டும் தன் மூடிய தயாரிப்புகளில் சேர்க்கலாம் என்றது ஒரு விதி. ஊர் கூடி இழுக்கும் தேரில் ஒருவருக்கு மட்டும் சவாரியா?

சமரசமாக இரண்டு லைசென்ஸ்கள் பிறந்தன. பழைய நிரலுக்குச் சலுகை நீடித்த என்பிஎல். புதிய நிரலுக்குச் சலுகையற்ற எம்பிஎல். எம்பிஎல்படி, திருத்திய கோப்புகளைத் திறக்க வேண்டும். கூடவே சேர்க்கும் தனிக் கோப்புகளை மூடியே வைக்கலாம். மார்ச் 31இல் நிரல் வெளியானது.

ஆனால் எம்பிஎல்லும் ஜிபிஎல்லும் ஒத்துப்போகவில்லை. 2012இல் வந்த எம்பிஎல் 2.0தான் அந்தப் பிணக்கைத் தீர்த்தது. அதற்குள் நெட்ஸ்கேப் உலாவியே மறைந்திருந்தது. திறந்துவிட்ட நிரலிலிருந்து 2004இல் ஃபயர்பாக்ஸ் எழுந்தது. சலுகையை விட்டுக்கொடுத்த லைசென்ஸே நிலைத்தது.