உள்ளீடற்ற கரிக்கோளங்கள்

படிமக் கலைஞர் உருவத்தை முதலில் மெழுகினாற் சமைப்பர். அதன்மேல் களிமண்ணைப் பூசுவர். பின்னர்ச் சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றுவர். மெழுகு இருந்த இடம் வெற்றிடமாக எஞ்சும். அழிவதற்கென்றே ஆக்கப்பெற்ற மெழுகு, தன் உருவத்தை அளித்துவிட்டு நீங்குகின்றது. இவ்வுத்தியையே கண்ணுக்குப் புலனாகாத அளவிற் கையாண்டு, உள்ளே வெற்றிடமுடைய கரிக்கோளங்களை வேதியியல் அறிஞர் ஆக்குகின்றனர்.

இதற்கு வேண்டும் கருவைச் செய்யும் முறையை வெர்னர் ஷ்டோபர் என்பாரும் அவர்தம் துணைவர் இருவரும் 1968ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சிலிக்கன் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளை ஆல்ககாலிற் கலந்து, நீரும் அம்மோனியாவும் சேர்ப்பின், மணலிற் பெரும்பகுதியாயுள்ள சிலிகா ஒத்த அளவுள்ள உருண்டைகளாகத் திரளும். அவற்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரு பங்கிற்கு மேற்படாது.

இக்கருவின்மேல் பிசினை ஓடுபோலப் படியச் செய்து, நைட்ரஜன் வாயு சூழ ஏறத்தாழ 800 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திற் சுடுவர். காற்று புகின் பிசின் எரிந்து மறையும். காற்றின்மையால் அது கரியாகின்றது. இறுதியில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் இட்டால், சிலிகா கரைந்து ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறும். கரியோ கரையாது நிற்கும். அவ்வமிலம் தோலை ஊடுருவி எலும்பையும் தாக்கவல்ல கொடியது. ஆதலின் தேர்ந்தோரே அதனைக் கையாளுதல் வேண்டும். இம்முறையில் வரிசையும் இன்றியமையாதது. ஓடு கரியாகி உறுதிபெறுமுன் கருவை நீக்கின், அது சுருங்கிச் சிதையக்கூடும்.

2002ஆம் ஆண்டில் கொரிய அறிஞர், கருவைச் சுற்றித் துளைகள் நிறைந்த சிலிகா ஓட்டையும் வளர்த்து, அத்துளைகளிற் பிசினை நிரப்பிக் கரியாக்கினர். சிலிகா முழுதும் நீங்கவே, நடுவில் வெற்றிடமும் சுவரெங்கும் நுண்துளையும் உடைய கரி கிடைத்தது.

இதனால் விளையும் பயன் யாது? லித்தியம்-கந்தக மின்கலம் மிகுந்த மின்னாற்றலைச் சேமிக்க வல்லது. ஆயினும் கந்தகம் மின்சாரத்தை நன்கு கடத்தாது. லித்தியத்தை ஏற்குங்கால் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பங்கு பருக்கும். இடையில் தோன்றும் பொருள்கள் மின்கலத்திலுள்ள திரவத்திற் கரைந்து வீணாகும். 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக அறிஞர், உள்ளீடற்ற கரிக்கோளங்களுட் கந்தகத்தைப் புகுத்தினர். கரிச்சுவர் மின்சாரத்தைக் கடத்திற்று. கரையும் பொருள்களைத் தடுத்தது. நிரம்பாது விட்ட வெளி, கந்தகம் பருக்க இடம் தந்தது.

ஒவ்வொரு முறையும் கருவை ஆக்கி அழித்தலால் இம்முறையிற் செலவு மிகுதி. அதனைக் குறைக்கும் வழி காண்பது இனிவரும் அறிஞர் கடன். பொருளைச் சேர்ப்பதனால் மட்டுமன்றி, வேண்டுமிடத்து நீக்குவதனாலும் பயன் விளையும் என்பதற்கு இக்கரிக்கோளம் சான்றாகும்.