உலாவியும் பயனாளர் இசைவும்

இணைய உலாவி என்பது பக்கங்களைக் கொணர்ந்து காட்டும் நிரலாகும். அது பயனாளரின் இசைவின்றிக் கணினியிற் கோப்புகளை எழுதுமாயின் விளையத்தக்க தீங்கினை 2008ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று தெளிவாக்கும்.

அப்பிள் நிறுவனத்தின் சபாரி உலாவி, இணையப் பக்கம் அனுப்பிய கோப்புகளைக் கேளாமலே சேமித்தது. விண்டோஸ் கணினிகளில் அவை முகப்புத்திரையிற் குவிந்தன. நிதேஷ் தஞ்சானி என்னும் ஆய்வாளர் இதனை எடுத்துக்காட்டியும், அந்நிறுவனம் முதலில் இதனைப் பாதுகாப்புக் குறையாகக் கொள்ளவில்லை. மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் இன்ரநெற் எக்ஸ்புளோறரோ, தனக்கு வேண்டிய துணைநிரற் கோப்புகளை முகப்புத்திரையிலுந் தேடி, பெயர் பொருந்தியதை ஆராயாது ஏற்றது. தனித்தனியே சிறியனவாகத் தோன்றிய இரு குறைகளும் கூடியவழி, அயலான் அனுப்பிய நிரல் கணினியில் இயங்குதற்கு வழி பிறந்தது.

மே மாத இறுதியில் மைக்ரோசொவ்ற் எச்சரிக்கை விடுத்தது. யூன் மாதம் வெளிவந்த சபாரி 3.1.2 பதிப்பு, சேமிக்குமுன் இசைவு கேட்டது, சேமிப்பிடத்தையும் மாற்றியது. ஒரு நிரலுக்கு அளித்த எழுதும் உரிமை, பிறிதொரு நிரலின் அயர்வினால் இயக்கும் உரிமையாகிவிடும் என்பது இதனாற் பெறப்படும்.