தாவாங்கட்டையில் பட்ட அடி

பழனிக்கு அருகே கீரனூர்ப் பக்கம் சைக்கிளிலிருந்தோ புளியமரத்திலிருந்தோ விழாமல் வளர்ந்த பிள்ளை குறைவு. தாவாங்கட்டை கிழிந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்த் தையல் போடுகிறோம். ரத்தம் நின்றதும் மனசு ஆறிவிடுகிறது. அடி அங்கேயே நிற்பதில்லை. தாடை எலும்பு வழியே மேலேறி, காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டில் போய் இறங்குகிறது. அங்கே எலும்பு நொறுங்கி ரத்தம் கட்டிவிட்டால், வலிக்குப் பயந்து பிள்ளை வாயைத் திறக்காமலே இருக்கும். அசைவில்லாத அந்த மூட்டில் கட்டிய ரத்தமே மெல்ல எலும்பாகி, தாடையை மண்டையோட்டோடு ஒட்டிவிடும். சீழ் வடியும் காதைக் கவனிக்காமல் விட்டாலும் இந்தக் கதி வரலாம். ஆகவே தையல் போடும்போதே காதுக்கு முன்னால் வீக்கம் இருக்கிறதா, வாய் திறக்கையில் தாடை ஒரு பக்கம் கோணுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த சில மாதங்களுக்கும் அதைக் கவனித்து வாருங்கள்.

பெரியவர்களின் வாய் சுமார் 40 மில்லிமீட்டர் திறக்கும். அவரவர் விரலில் மூன்றை அடுக்கி நுழைக்கலாம். இறுகிய வாயில் ஒரு விரல்கூட நுழையாது. பல் இடுக்கு வழியே கஞ்சியை உறிஞ்ச வேண்டும். பல் துலக்க வழியில்லாததால் சொத்தை பரவும். சிறு வயதிலேயே மூட்டு இறுகினால் தாடை வளராது. மோவாய் உள்ளே போக, நாக்கு பின்னுக்குச் சரிந்து தூக்கத்தில் மூச்சை அடைக்கும். வெறும் குறட்டை என்று வீட்டார் விட்டுவிடுவது பல நேரம் இந்த மூச்சுத்திணறலைத்தான்.

எலும்பை வெட்டிப் பிரிப்பது பழைய வைத்தியம்தான். வெட்டிய இடம் மறுபடி ஒட்டிக்கொள்வதுதான் தீராத தொல்லை. 1840-இல் நியூயார்க்கில் ஜான் மர்ரே கார்னோகன் என்ற மருத்துவர் இடைவெளியில் மரத்துண்டையே வைத்துப் பார்த்தார். பின்னால் நெற்றிப்பொட்டுத் தசையையும் விலா எலும்புத் துண்டையும் வைத்தார்கள். 1980-களில் அமெரிக்காவில் வைத்த டெஃப்லான் பூச்சுள்ள தகடுகள் உள்ளே பொடிந்து சுற்றியிருந்த எலும்பையே அரித்தன. நோயாளிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இன்றைய செயற்கை மூட்டுகளைச் செய்வதில் காட்டும் எச்சரிக்கை அந்த அனுபவத்தில் பிறந்தது. மண்டையோட்டுப் பக்கம் எளிதில் தேயாத கெட்டிப் பாலிஎத்திலீன் குழி; தாடைப் பக்கம் டைட்டானியம், கோபால்ட்-குரோமியம் கலவைகளில் செய்த தண்டும் தலையும். ஆளுக்கேற்ப அளவெடுத்துச் செய்யும் மூட்டுக்கு அமெரிக்க அரசு 1999-இல் அனுமதி தந்தது.

இந்த அறுவைக்கு இப்போது கணினியும் கைகொடுக்கிறது. அதன் அருமை தெரிவது இறுகிப்போன எலும்பை வெட்டும்போதுதான். மூட்டில் ஒட்டிப்போன அந்த எலும்புக் கட்டிக்கு எல்லை எது என்று கண்ணுக்குத் தெரியாது. அதன் உள்பக்கத்தை ஒட்டித் தாடைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. மேலே மெல்லிய எலும்பைத் தாண்டினால் மூளை. முகத்தை அசைக்கும் நரம்போ மேல்தோலுக்குச் சற்றுக் கீழேதான். சி.டி. ஸ்கேனின் மெல்லிய அடுக்குகளைச் சேர்த்துக் கணினி முழு மண்டையோட்டையும் திரையில் நிறுத்துகிறது. மருத்துவரும் பொறியாளரும் அங்கேயே வெட்டிப் பார்க்கிறார்கள், உள்வாங்கிய தாடையை முன்னால் நகர்த்திப் பற்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார்கள், கீழ்த்தாடை நரம்பில் படாமல் எந்தத் திருகு எங்கே எத்தனை நீளம் என்று குறிக்கிறார்கள். பிறகு முப்பரிமாண அச்சில் ஒரு வழிகாட்டி அச்சு தயாராகிறது. தையல்காரர் துணிமேல் அட்டையை வைத்து வெட்டுவதைப் போல, அதை எலும்பின்மேல் பொருத்தி அதன் பிளவு வழியே மட்டும் வெட்டுகிறார்கள். சில இடங்களில் அகச்சிவப்புக் கேமரா கருவியின் நுனியைத் தொடர்ந்து, அது எலும்பில் எங்கே நிற்கிறது என்பதை ஸ்கேன் படத்திலேயே காட்டுகிறது.

முன்பெல்லாம் கட்டியை வெட்டி எடுத்து, மறுபடி ஸ்கேன் செய்து, மூட்டு தயாரான பின் இரண்டாம் முறை திறக்க வேண்டியிருந்தது. இப்போது வெட்டும் கோடு முன்கூட்டியே தெரிவதால் ஒரே தடவையில் முடிக்க முடிகிறது. வாயே திறக்காதவருக்கு மயக்கம் கொடுப்பது தனிச் சவால். கேமரா பொருத்திய மெல்லிய குழாயை மூக்கு வழியே மூச்சுக்குழாய்க்குள் இறக்குகிறார்கள். அந்த ஆபத்தை ஒரு தடவையோடு முடிப்பதே எனக்குப் பெரிய நன்மையாகத் தோன்றுகிறது.

டெல்லி எய்ம்ஸின் வாய்-முக அறுவைத் துறை இந்த நோயில் நெடுநாள் அனுபவமுள்ளது. செயற்கை மூட்டு பொருத்தியவர்களைக் கவனித்து ஆய்வுகளும் வெளியிட்டிருக்கிறது. இறக்குமதி மூட்டுக்குச் சில லட்சங்கள் ஆகும். இந்தியாவிலேயே தயாராகும் மூட்டுகளின் விலை குறைவு. ஆனால் செயற்கை மூட்டு வளராது. வளரும் பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் விலா எலும்பையே நாடுகிறார்கள்.

எந்த மூட்டு வைத்தாலும் அறுவைக்குப் பிந்திய நாட்களில் வாய் திறக்கும் பயிற்சி தொடங்கிவிடும். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே நுழைத்து, சில நாளுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். வலிக்கும், பல மாதம் பிடிக்கும். விட்டுவிட்டால் தழும்பு இறுகி வாய் மறுபடி சுருங்கும். பிள்ளையாக இருந்தால் தினமும் குச்சியை எண்ணி வைப்பது தாயின் வேலை.